ஓட்டுநர் இல்லாத ரயிலுக்கும் ஆள் வேண்டும்

ஐயா, வணக்கம்.

டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், மெட்ரோ ரயில் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள்; ஓட்டுநரே இல்லாத ரயில் வந்துவிட்டால் அங்கே என்ன வேலை மிஞ்சும் என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானது. ஆனாலும் அவளைத் தடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சென்னையில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே மெட்ரோ தொடங்கியபோது முதல் ரயிலை ஓட்டியவர் ஒரு பெண். அதன்பிறகு டிரெயின் ஆபரேட்டர் ஆக வேண்டும் என்று என்னிடம் வந்த பெண்பிள்ளைகள் நிறையப் பேர். அந்த ஒரு பதவியை மட்டும் நம்பிப் படித்தால் நீங்கள் பயப்படுவது சரி. டெல்லி மெஜந்தா வழித்தடத்தில் 2020 டிசம்பரிலேயே ஓட்டுநரில்லா ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சென்னை இரண்டாம் கட்டத்துக்கான மூன்று பெட்டி ரயில்களும் அதே வகைதான். அவற்றில் முதலாவது 2024இல் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் உள்ள தொழிற்சாலையிலிருந்து பூந்தமல்லி பணிமனைக்கு வந்து சேர்ந்தது.

ஓட்டுநர் இருந்தால், நடுவழியில் சின்னக் கோளாறு வந்தாலும் அவரே சமாளித்து அடுத்த நிலையம் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ஆள் இல்லாத ரயிலில் அந்தக் கோளாறு வராமலே பார்த்துக்கொள்ள வேண்டும். வந்தால் கட்டுப்பாட்டு அறையில் திரை முன் இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் பணிமனையில் இருப்பவர்களின் பொறுப்பு கூடத்தான் செய்யும். இந்தத் துறையில் ரயில் பெட்டிகளையும் அவற்றின் பராமரிப்பையும் 'ரோலிங் ஸ்டாக்' என்பார்கள். மகளின் குறி அங்கே இருக்கட்டும்.

அவள் படிப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சென்னை மெட்ரோவுக்கு மேல்நிலைக் கம்பியில் வருவது 25,000 வோல்ட் ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம். கூரையில் கம்பியைத் தொட்டபடி இருக்கும் பென்டோகிராஃப் அதை எடுக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் குறைக்கிறது, கன்வெர்ட்டர் டிசி (நேர்திசை மின்சாரம்) ஆக்குகிறது, இன்வெர்ட்டர் அதை மறுபடி மூன்று ஃபேஸ் ஏசியாக மாற்றி மோட்டாருக்குக் கொடுக்கிறது. அலைவெண்ணைக் கூட்டிக் குறைத்தே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். பிரேக் போடும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். பவர் எலெக்ட்ரானிக்ஸ் பாடத்தில் பிள்ளைகள் பாஸ் மார்க்குக்காக மனப்பாடம் செய்கிற பகுதி இதுதான்! அதை அவள் கையால் தொட்டுப் படிக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் வி.எஃப்.டி. (அலைவெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருந்தால் அதில் ஒரு இண்டக்‌ஷன் மோட்டாரை ஓட்டி, அலைவெண் மாறும்போது வேகமும் கரன்டும் எப்படி மாறுகின்றன என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். இறுதியாண்டு புராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்க மட்டும் விடாதீர்கள். நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு நிலையத்திலும் எல்லாப் பெட்டியிலும் திறந்து மூடும் கதவுதான் அடிக்கடி தொல்லை தரும் உறுப்புகளில் ஒன்று. சென்சார், சிறு மோட்டார், கட்டுப்பாட்டு மென்பொருள் மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸும் கொஞ்சம் புரோகிராமிங்கும் தெரிந்த எலெக்ட்ரிக்கல் பிள்ளைக்கு அங்கே நல்ல மதிப்பு.

சரி, வேலை யார் தருவார்கள்? சென்னை மெட்ரோ நிறுவனத்தின் நேரடி ஆள்சேர்ப்பு அறிவிப்பை மட்டும் எதிர்பார்த்து வருடக்கணக்கில் உட்கார வேண்டாம். பராமரிப்பில் பெரும்பங்கு ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக நடக்கிறது. அங்கே நிரந்தர அரசு வேலையின் பாதுகாப்பு கிடையாது, இதை மகளிடம் மறைக்காதீர்கள். ஆனால் அங்கே கிடைக்கும் அனுபவம் வேறு எந்த நகரத்து மெட்ரோவிலும் செல்லும். ரயில் தயாரிக்கும் ஆல்ஸ்டாம் நிறுவனத்துக்கு ஸ்ரீசிட்டியில் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் கோவையில் உதிரிபாகத் தொழிற்சாலையும் இருக்கின்றன. பெங்களூரில் மெட்ரோ பெட்டிகள் செய்யும் பெமல் நிறுவனம், பெரம்பூரில் ரயில்வேயின் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். என்று இடங்கள் உண்டு. படிப்பு முடிந்ததும் ஓராண்டு அப்ரன்டிஸ் பயிற்சியாக இவற்றில் ஒன்றில் நுழைவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. அப்புறம் ரயில்வேயின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வையும் கூடவே எழுதட்டும். பி.இ. வரை போய், பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான 'கேட்' நுழைவுத் தேர்வு எழுதினால், சென்னை மெட்ரோவும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்து நடத்தும் ஓராண்டு மெட்ரோ முதுநிலை டிப்ளமோவுக்கும் முயலலாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட கவலை ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன்: இரவுப் பணி. அது உண்டு. ரயில் ஓடாத நள்ளிரவில்தான் பெரும்பாலான பராமரிப்பு நடக்கும். வேலையில் சேரும் முன் ஷிஃப்ட் முறை, போக்குவரத்து, பெண்களுக்கான ஓய்வறை எல்லாவற்றையும் வாய் திறந்து கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று தயங்க வேண்டியதில்லை.

மெட்ரோ வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அறிவிப்பு வந்தால் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும், அங்கே இல்லாதது பொய்.

இந்த மாதமே ஒரு கண் மருத்துவரிடம் அவளுக்கு நிறப்பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். ரயில் இயக்கும் பணிகளுக்கு அது கட்டாயம். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் எனும் லேசர் சிகிச்சை செய்யும் எண்ணம் இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள், லேசிக் செய்தவர்களை இயக்கப் பணிக்கு எடுக்காத அறிவிப்புகள் உண்டு. சோதனை முடிவோடு அவளுடைய மதிப்பெண் பட்டியலையும் அனுப்பிவையுங்கள். எந்தப் பாடத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்று பார்த்து அவளுக்கே நேராக எழுதுகிறேன்.