கித்துல்கல ராஃப்டிங்: முற்பணத்தை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: அட்டனில் வேலை செய்யும் நண்பர்கள் எட்டுப் பேர் ஒக்டோபரில் கித்துல்கலவுக்கு ராஃப்டிங் (வேகமாக ஓடும் ஆற்றில் ரப்பர் படகுச் சவாரி) போகிறோம். மூவருக்கு நீச்சல் தெரியாது. தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: நீச்சலைப் பற்றிக் கவலை வேண்டாம். களனி கங்கையின் அந்தப் பகுதி வழக்கமான நாட்களில் 2, 3ஆம் தர நீரோட்டம்தான். 6தான் உச்சத் தரம். விழுந்தால் மல்லாந்து, கால்களை ஆறு ஓடும் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்கப் பார்த்தால் பாறை இடுக்கில் கால் மாட்டிவிடும்.

முற்பணத்தை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் படகு அவருடையதல்ல. இடைத்தரகர் கூட்டிப்போவது கமிஷன் கூடக் கிடைக்கும் இடத்துக்கு. அந்தக் கமிஷன் உங்கள் காசுதான். அதை ஈடுகட்ட படகு உரிமையாளர் பழைய உயிர்காப்பு ஜாக்கெட்டையே இன்னொரு வருடம் ஓட்டுவார். படகு நடத்துபவரோடு நேரே பேசுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு உண்டா, மழையால் நின்றால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அங்கே போனதும் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் வேறொன்று கேளுங்கள். கொளுக்கி உடைந்து கயிற்றால் முடிந்திருந்தால் ஏறவே ஏறாதீர்கள், வழிகாட்டி எவ்வளவு சிரித்துப் பேசினாலும் சரி.

எந்தச் சமாதானமும் செல்லாத நாள் ஒன்று உண்டு. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள லக்ஷபான, கெனியன், விமலசுரேந்திர நீர்த்தேக்கங்களின் வான்கதவு திறந்ததாகச் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கித்துல்கலவில் நல்ல வெயில் அடிக்கலாம், ஆறும் அமைதியாகத் தெரியலாம். மேலே மஸ்கெலியா பக்கம் பெய்த மழை பிறகுதான் கீழே வந்து சேரும். ஒக்டோபரில் பின்னேர இடிமழை வழக்கம் என்பதால் காலைச் சவாரியே எடுங்கள்.

கித்துல்கலவுக்கு அருகே புரோட்லண்ட்ஸ் அணை வந்த பிறகு, அங்கே தண்ணீர் விடும் நேரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தை மூன்று மொழியிலும் பொதுமக்களுக்கு ஒழுங்காக அறிவிப்பது அவ்வளவு பெரிய வேலையா? காசு கொடுத்து வருகிறவர் ஆளாளுக்குத் தொலைபேசி எடுத்து விசாரிக்க வேண்டியிருப்பது எரிச்சலாக இருக்கிறது. முதல் நாள் மாலையே படகுக்காரருக்கு எடுத்து நேரத்தைக் கேட்டுவிட்டு, அதன்படி அட்டனில் பஸ் ஏறுங்கள்.