காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் போலியா?

கேள்வி: மகளுக்குச் சீர் கொடுக்க எவர்சில்வர் பாத்திரங்கள் வாங்கினோம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்தால் சம்படத்தில் நன்றாக ஒட்டுகிறது, தட்டில் ஒட்டவே இல்லை, சொம்பின் கழுத்தில் மட்டும் லேசாக இழுக்கிறது. ஒட்டினால் போலி என்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒட்டுகிற சம்படமும் அசல் எவர்சில்வராக இருக்கலாம். ஒட்டாத தட்டு மட்டமான ரகமாகவும் இருக்கலாம்.

துருப்பிடிக்காமல் காப்பது இரும்போடு கலந்திருக்கும் குரோமியம். குறைந்தது 10.5 சதவீதமாவது இருந்தால்தான் அது எவர்சில்வர். காற்றுபட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகிறது. இதற்கும் காந்தத்துக்கும் சம்பந்தமில்லை.

காந்தம் ஒட்டுவது அணுக்களின் அடுக்கைப் பொறுத்தது. இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணுக்கள் ஒரே திசை பார்த்துக் கூட்டம் கூட்டமாக நிற்கும். ஆனால் கூட்டங்கள் ஆளுக்கொரு திசை. அதனால்தான் சும்மா கிடக்கும் ஆணி இன்னோர் ஆணியை இழுப்பதில்லை. காந்தம் அருகில் வந்ததும் அதன் திசையில் இருக்கும் கூட்டங்கள் பெருத்து, மற்றவை சுருங்கும். உடனே ஒட்டிக்கொள்ளும்.

304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். இந்த நிக்கல் இரும்பின் அடுக்கையே மாற்றிவிடுகிறது. புது அடுக்கில் அணுக்கள் ஒரே திசைக்கு வருவதில்லை. இரும்பும் ஒட்டும், தனி நிக்கலும் ஒட்டும், குரோமியத்தோடு இந்த அளவில் சேர்த்துக் கலந்தால் ஒட்டாது! எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

430 ரகத்தில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் உண்டு, நிக்கல் சேர்ப்பதில்லை. இரும்பின் அடுக்கு அப்படியே இருப்பதால் காந்தம் ஒட்டும். உங்கள் சம்படம் இதுவாக இருக்கலாம். மாவு, பருப்புக்குத் தாராளமாகப் போதும். உப்பும் புளிப்பும் சேர்ந்த ஊறுகாயை மட்டும் அதில் நாள்கணக்கில் வைக்காதீர்கள்.

சொம்பின் கழுத்து? 304 தகட்டைச் சூடாக்காமல் அழுத்தி வளைக்கும்போது, அதிகம் நசுங்கிய இடத்தில் அடுக்கு குலைந்து கொஞ்சம் காந்தத்தன்மை வந்துவிடும். குறை ஒன்றுமில்லை.

சிக்கல் தட்டில்தான். விலை குறைக்க நிக்கலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மாங்கனீசு சேர்க்கும் 200 வரிசை ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. 304-ஐயும் அதையும் காந்தத்தால் பிரிக்க முடியாது. அதனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள்; ரகத்தின் எண்ணை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் தட்டைத் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஆனால் காந்தத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மகள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால், சமைக்கிற பாத்திரத்தின் அடிப்பக்கத்தில் அது கெட்டியாக ஒட்ட வேண்டும். ஒட்டாத பாத்திரம் அந்த அடுப்பில் சூடேறாது.