தேன் தடவிய பலகை

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் ஊடே யூதர்களின் வேதப் பள்ளிகளைப் பற்றி இரண்டு வரிகள் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளைத் தொட்டே பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பிள்ளைகளுக்கு வேதத்தைக் கற்பிக்கும் பொறுப்பை, மோசேயின் ஐந்தாம் நூலான உபாகமம் பெற்றோரிடம்தானே ஒப்படைக்கிறது? அப்படியிருக்க, யூதர்களிடையே பள்ளிக்கூடம் எப்படி வந்தது?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, நாகர்கோவில்

கடமை பெற்றோருடையதுதான். தகப்பன் மகனுக்குச் செய்ய வேண்டியவை என்று, யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த பழைய நூலான தல்மூத் சொல்பவற்றுள் தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்களாகிய வேதம், கற்பிப்பதும், ஒரு தொழில் கற்றுக்கொடுப்பதும், திருமணம் செய்து வைப்பதும் அடங்கும். நீச்சலும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்ன அறிஞர்களும் உண்டு. ஆனால், தகப்பன் இல்லாத பிள்ளைக்கு யார் கற்பிப்பது? தல்மூத்தின் 'பாபா பத்ரா' என்ற பகுதி பள்ளிக்கூடத்தின் கதையை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. முதலில் எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்தினார்கள். அங்கே அழைத்துப் போகத் தகப்பன் இருந்த பிள்ளைகளே போய்ப் படித்தார்கள், அநாதைகள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். பிறகு வட்டாரத்துக்கு வட்டாரம் ஆசிரியர்களை அமர்த்தி, பதினாறு, பதினேழு வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். ஆசிரியர் கடிந்து பேசியதும் அவர்கள் முறைத்துக்கொண்டு வெளியேறினார்கள். கடைசியில், எருசலேமின் இரண்டாம் ஆலயம் கி.பி. 70-இல் அழிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் தலைமைக் குருவாக இருந்த யோசுவா பென் கம்லா என்பவர், ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியர் இருக்க வேண்டும், ஆறு அல்லது ஏழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று விதித்தார். தகப்பன் செய்ய வேண்டியதைத் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஊர் செய்கிறது என்பதே இந்த ஏற்பாட்டின் பொருள். இன்றுவரை வேதப் பள்ளி ஆசிரியர் பெற்றோரின் கையாகத்தான் கருதப்படுகிறார்.

நீங்கள் தலைமையாசிரியையாக இருந்தவர் என்பதால் இன்னும் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஓர் ஆசிரியருக்கு 25 மாணவர்கள், 40 ஆனால் துணைக்கு ஒருவர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள் என்ற கணக்கு அதே பகுதியில் இருக்கிறது. சாமுவேல் பார் ஷீலாத் என்ற ஆசிரியருக்கு ராவ் என்ற பேரறிஞர் சொன்ன அறிவுரையும் அங்கேயே உண்டு: அடிக்க நேர்ந்தால் செருப்பு வாரால் மட்டும் அடி, படிக்கிற பிள்ளை படிக்கட்டும், படிக்காத பிள்ளை மற்றவர்களுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கட்டும். வகுப்பில் பின்தங்கிய பிள்ளையை வெளியே அனுப்பாமல் தோழனாக உட்கார வைத்த அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. இதே ஆசிரியரை ஒருநாள் தோட்டத்தில் பார்த்த ராவ், 'பணியை விட்டுவிட்டாயா?' என்று கேட்டார். 'இந்தத் தோட்டத்தைப் பார்த்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போதும் என் மனம் பிள்ளைகளிடமே இருக்கிறது' என்று அவர் பதில் சொன்னாராம்.

சென்ற விஜயதசமியன்று என் மகனின் கையைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தோம். யூதக் குழந்தையின் முதல் நாள் எப்படி இருக்கும்?
– இளம் தாய், கோயம்புத்தூர்

இடைக்கால ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்த வழக்கத்தைச் சொல்கிறேன். அதன் சாயல் இன்றும் பல பள்ளிகளில் தொடர்கிறது. சீனாய் மலையில் தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷவூவோத் திருநாளன்று, குழந்தையை மேலாடையால் போர்த்தி, ஆசிரியரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆசிரியர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துப் பலகையை எடுப்பார். அதில் எபிரேய நெடுங்கணக்கு முதலிலிருந்து கடைசி வரைக்கும், மறுபடி கடைசியிலிருந்து முதல் வரைக்கும் எழுதப்பட்டிருக்கும். கீழே தோராவின் மூன்றாம் நூலான லேவியராகமத்தின் முதல் வசனம் இருக்கும். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, குழந்தை திருப்பிச் சொல்லும். பிறகு எழுத்துகளின்மேல் தேனைத் தடவிக் குழந்தையை நக்கச் சொல்வார்கள். தேனில் பிசைந்து, வசனம் பொறித்துச் சுட்ட பணியாரமும், ஓடு நீக்கி வசனம் எழுதிய அவித்த முட்டையும் தருவார்கள்.

பலிகளைப் பற்றிய லேவியராகமத்தில் போய்க் குழந்தையைத் தொடங்க வைப்பானேன் என்று கேட்கலாம். பலி தூய்மையானது, குழந்தையும் தூய்மையானது, தூயவர்கள் வந்து தூயவற்றில் ஈடுபடட்டும் என்பது பழைய ஆசிரியர்களின் விளக்கம்.

இன்று பல சமூகங்களில் ஆண் குழந்தைக்கு மூன்று வயது வரை முடி வெட்டாமல் வைத்திருந்து, மூன்றாவது பிறந்தநாளில் உற்றார் உறவினரைக் கூட்டி முதல் முடியை வெட்டுகிறார்கள். அன்றே தேன் தடவிய எழுத்துகளையும் காட்டுகிறார்கள். முதல் வகுப்பில் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் அதற்கென்று ஒரு வழிபாட்டு நூலைத் தரும் விழா நடக்கும். அந்த நூலின் அட்டைக்குத் தாயோ பாட்டியோ தைத்துக் கொடுத்த உறையில் பிள்ளையின் பெயர் இருக்கும். பெற்றோர் கீழே அமர்ந்திருக்க, பிள்ளைகள் மேடையில் நின்று அந்த நூலிலிருந்து பாடுவார்கள். அன்றாடப் பள்ளி வாழ்க்கையோ மிகச் சாதாரணமானது: காலைப் பிரார்த்தனை, ரொட்டி உண்பதற்கு முன் இரண்டு கைப்பிடி உள்ள குவளையால் கைகழுவுதல், உணவுக்கு முன் ஒரு நன்றி, உண்ட பின் மேசையைத் தட்டிக்கொண்டு எல்லாரும் சேர்ந்து பாடும் நீண்ட நன்றிப் பாடல், இடையிடையே கணக்கும் அறிவியலும், ஓடிப் பிடித்து விளையாட்டும்.

தொலைக்காட்சியில் யூத மாணவர்கள் படிக்கும் கூடம் ஒன்றைக் காட்டினார்கள். சந்தைபோல் இரைச்சல்! அதில் எப்படிப் படிப்பார்கள்?
– கல்லூரி மாணவர், மதுரை

அந்த இரைச்சல்தான் படிப்பு. யெஷிவா எனப்படும் உயர்நிலை வேதப் பள்ளியில் மாணவர்கள் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, ஒரே பகுதியை உரக்கப் படித்து, ஒருவர் சொல்லும் பொருளை மற்றவர் மறுத்து, மறுப்புக்கு விடை தேடுவார்கள். இந்த இணைக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். தோழமை என்பது அச்சொல்லின் பொருள். அவர்கள் முன்னால் விரிந்திருக்கும் தல்மூத் பக்கமே ஒரு விவாதக் கூடம் போன்றது: நடுவில் மூலம், தையல் ஓரத்தில் பதினோராம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் ராஷியின் உரை, வெளி ஓரத்தில் அவருடைய பேரன்மாரும் அவர்கள் வழிவந்தவர்களும் எழுப்பிய தடைகளும் விடைகளும். பாட்டனாரின் உரையைப் பேரன் மறுக்கிறார். இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகின்றன. 1520-களில் வெனிஸ் நகரில் தானியேல் போம்பெர்க் என்ற கிறித்தவர் அச்சிட்ட பதிப்பிலிருந்து இந்தப் பக்க அமைப்பு மாறவில்லை. மூலமும் உரையும் சேர்த்துப் படித்துப் பழகிய தமிழ் மாணவருக்கு இது விளங்காமல் போகாது.

பையன்களைப் பற்றியே சொல்கிறீர்கள். பெண் பிள்ளைகள்?
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

நெடுங்காலம் பெண்ணுக்கு வீடுதான் பள்ளிக்கூடம்; தாயிடமிருந்து சமையலறை விதிகளையும் பிரார்த்தனைகளையும் கற்றாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போலந்துப் பகுதிகளில் நிலைமை விபரீதமானது. மகன் வேதப் பள்ளிக்குப் போனான். மகளோ அரசுப் பள்ளிக்குப் போய்ப் போலிஷ் மொழியும் இலக்கியமும் கற்று, வீட்டு வழக்கங்களின் காரணம் தெரியாமல் அவற்றிலிருந்து விலகினாள். கிராக்கோவ் நகரில் தையல் வேலை செய்து பிழைத்த சாரா ஷெனிரர் என்ற பெண்மணி இதைக் கண்கூடாகப் பார்த்தார். உடம்புக்கு ஆடை தைத்துத் தரும்போது, இவர்களின் உள்ளத்துக்கு உடுத்த ஒன்றுமில்லையே என்று வருந்தினார். 1917-இல் தம் தையல் அறையையே வகுப்பாக்கி, சிறுமிகளைக் கொண்டு 'பைஸ் யாக்கோவ்' பள்ளியைத் தொடங்கினார். ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரியும் பின்னர் உருவானது. 1935-இல் அவர் மறைவதற்குள் அது பெரிய இயக்கமாகிவிட்டது. போலந்தில் இருந்த அந்தப் பள்ளிகளை நாஜிகளின் இனப்படுகொலை அழித்தது. மாணவிகளுள் உயிர் தப்பியவர்களும் முன்பே கடல் கடந்தவர்களும் அதே பெயரில் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் தொடங்கியவை இன்று நடக்கின்றன. அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை.

நம் பக்கத்து ஊரில் வேறொரு வழி இருந்தது. கொச்சி யூதப் பெண்கள் எபிரேயம் படிக்கத் தெரிந்தவர்கள். வேதக் கதைகளையும் திருமண வாழ்த்துகளையும் மலையாளப் பாடல்களாக நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றினார்கள். 1950-களில் அவர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் உடன் போயின.

இப்பள்ளிகளில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுப்பதே இல்லை என்கிறார்களே?
– வங்கி ஊழியர், திருச்சி

பெரும்பாலான பள்ளிகளைப் பொறுத்தவரை இது தவறு. இஸ்ரேலின் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசு சமயப் பள்ளிகளிலும், பிற நாடுகளின் யூதப் பகல்நேரப் பள்ளிகள் பெரும்பாலானவற்றிலும் பொதுப்பாடங்கள் முழுமையாக உண்டு. ஆனால், மிகக் கட்டுப்பாடான ஹரேதி சமூகத்தின் ஆண் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பலவற்றைப் பற்றிய குற்றச்சாட்டு உண்மையானதே. நியூயார்க்கில் அப்படிப் படித்து வெளியே வந்தவர்களே முறையிட்டார்கள். தனியார் பள்ளிகளின் பொதுக்கல்வித் தரம் குறித்து 2022-இல் அம்மாநிலம் விதிகளும் வகுத்தது. என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது தகப்பனின் கடமை என்று தல்மூத்தே சொல்லும்போது, கணக்கை மறுக்கும் பள்ளி தன் மரபின் ஒரு பாதியைக் கைவிடுகிறது.

எங்கள் அடுத்த வீட்டு யூதக் குடும்பத்தில் பெற்றோர் சமய வழக்கங்கள் இல்லாமலே வளர்ந்தவர்கள். மகனை மட்டும் யூதப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். வீடு மறந்துவிட்டதைப் பள்ளி திருப்பித் தர முடியுமா? நாங்கள் மகளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புவதால் கேட்கிறேன்.
– வாசகி, டொராண்டோ

முடியும், ஆனால் பள்ளி தன் வேலையைப் பாதியில் நிறுத்தி, மீதியை வீட்டுக்கு அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள்; யூதர்களின் சனிக்கிழமை ஓய்வுநாள் அன்று மாலையே தொடங்கிவிடும். மழலையர் வகுப்பில் அன்று ஒரு சிறுவன் ஓய்வுநாளின் அப்பா, ஒரு சிறுமி ஓய்வுநாளின் அம்மா. வெள்ளை விரிப்பும், மெழுகுவத்தியும், குவளையில் திராட்சைச் சாறும், பின்னல் போட்டுச் சுட்ட ஹல்லா ரொட்டியும் அவர்கள் முன்னால் இருக்கும். பல வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களே மாவைப் பின்னிச் சுட்ட சிறிய ரொட்டியைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மாலையில் அந்த ரொட்டியை என்ன செய்வது என்று தாய் முடிவு செய்தாக வேண்டும். பெரிய வகுப்புகளில் ரொட்டிக்குப் பதில், அந்த வாரத்துத் தோரா பகுதியைப் பற்றிய கேள்வித் தாள் போகும். கேள்விகளை மேசையில் பெற்றோர் படிக்க, பிள்ளை விடை சொல்ல வேண்டும். பெற்றோருக்கு விடை தெரியாவிட்டாலும் பாதகமில்லை, தாளிலேயே இருக்கும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. பள்ளியில் விதிகளைக் கற்ற பிள்ளை, வீட்டுக்கு வந்து, 'நம் அடுக்களை சரியில்லை, நீங்கள் சனிக்கிழமை கார் ஓட்டுகிறீர்கள்' என்று பெற்றோரைக் குற்றவாளிகளாக்கத் தொடங்கலாம். நல்ல ஆசிரியர்கள் இதை அறிந்தவர்கள். தகப்பன் அறியாமல் விதியை மீறுவதைக் கண்டால், 'அப்பா, நீங்கள் தோராவை மீறினீர்கள்' என்று சொல்லாமல், 'அப்பா, தோராவில் இப்படி எழுதியிருக்கிறது' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று தல்மூத் மகனுக்குக் கற்பிக்கிறது. பெற்றோரின் கௌரவத்தைக் காத்துக்கொண்டு மரபை வீட்டுக்குள் கொண்டுவரும் வழி இது. இஸ்ரேலில் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவர்கள் செய்யும் 'வேர்கள்' என்ற குடும்ப வரலாற்றுப் பணி இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஈராக்கிலிருந்தோ யேமனிலிருந்தோ போலந்திலிருந்தோ வந்த தாத்தா பாட்டியிடம் பிள்ளை உட்கார்ந்து, எந்த ஊர், எந்தப் பள்ளி, பண்டிகைக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அங்கே ஆசிரியர் பாட்டிதான். உங்கள் மகளின் தமிழ் வகுப்பில் இப்படி ஒரு பணி இல்லையென்றால், கேட்டுப் பாருங்கள்.

ஆயினும் பஸ்கா பண்டிகைக்கு ஈடு எதுவும் இல்லை. எகிப்திலிருந்து விடுதலையான கதையைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்பது அந்த இரவின் கட்டளை. அதற்குப் பல வாரங்கள் முன்பே பள்ளியில் பிள்ளைகள் கதை நூலுக்கு வண்ணம் தீட்டி, 'இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது?' என்று தொடங்கும் கேள்விகளை ராகத்தோடு பயிற்சி செய்வார்கள். பண்டிகை இரவில், மேசையிலேயே மிக இளைய பிள்ளை அவற்றைக் கேட்கும். பெரியவர்கள் விடை சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைக்குக் கேட்கத் தெரியாவிட்டால் தகப்பன் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறது, தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா. தனியாக இருப்பவனும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. உங்கள் அடுத்த வீட்டில் கேட்கத் தெரிந்தவன் மகன். பெற்றோர் அன்று நூலைப் புரட்டிப் பதில் தேடுவார்கள்.

புளிப்பில்லாத அப்பத்தை இரண்டாக உடைத்துப் பெரிய துண்டை ஒளித்து வைப்பதும் அந்த இரவின் வழக்கம். உணவின் இறுதியில் அந்தத் துண்டை எல்லாரும் பகிர்ந்து உண்ட பிறகுதான் மற்றச் சடங்குகளைத் தொடரலாம். பிள்ளை அதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, பரிசு தந்தால்தான் கொடுப்பேன் என்று பேரம் பேசும். மணி பதினொன்று ஆகியிருக்கும். தூக்கக் கலக்கத்தோடு, துணியில் சுற்றிய அந்தத் துண்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளை விழித்தே இருக்கும்.