பேஜ் ஃபைலுக்கு தனி பார்ட்டிஷன் வேணுமா?

கேள்வி: சி டிரைவுல பேஜ்ஃபைல்.சிஸ்னு பெரிய ஃபைல் ஒண்ணு மறைஞ்சு கிடக்கு, தூக்கிடலாமா, இல்ல தனி பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கைப் பிரிச்ச தனி பகுதி) மாத்தினா ஸ்பீடு ஏறுமா?

பதில்: தூக்காதீங்க. ரேம் பத்தாதப்போ விண்டோஸ் ரேம்ல இருக்கறதை 4 கேபி 4 கேபி துண்டா (பேஜ்) அந்த ஃபைல்லதான் தள்ளி வைக்குது. அதே ஹார்டு டிஸ்க்ல தனி பார்ட்டிஷன் போட்டா லாபமே இல்ல, டிஸ்க்கைப் படிக்கிற ஹெட்டு இங்கயும் அங்கயும் ஓடி இன்னும் ஸ்லோதான் ஆகும், வேற எஸ்எஸ்டி இருந்தா தாராளமா மாத்துங்க, ஆனா சி-லயும் கொஞ்சம் விட்டு வைங்க, விண்டோஸ் கிராஷ் ஆகி ப்ளூ ஸ்கிரீன் வந்தா டம்ப் (அப்போ மெமரில இருந்ததோட பதிவு) எழுத அது வேணும். லினக்ஸ்லயே தனி பார்ட்டிஷன் மோகம் குறைஞ்சாச்சு, உபுண்டுங்கற லினக்ஸ்ல 17.04 வெர்ஷன்லேர்ந்து ஸ்வாப் ஃபைல்தான் (லினக்ஸோட பேஜ் ஃபைல்) டீஃபால்ட். ரேம் பத்தாம எப்பவும் டிஸ்க் லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்தா, பேசாம கூடுதல் ரேம் போடுங்க.