வருஷா வருஷம் கேஸ் போடணுமா? கார் ஏசி கேள்வி-பதில்

கேள்வி (பல்லடம்): ஏழு வருஷப் பழைய சின்ன கார்ங்க. பங்குனி பொறந்தா ஏசி கேஸ் போடறோம், ஆடிக்குள்ள வெறும் காத்துதான் வருது. "வருஷம் ஒருக்கா போட்டுத்தானுங்க ஆகோணும்"ங்கறார் மெக்கானிக். இந்தத் தடவை கூலிங் காயிலே போயிருச்சு, டேஷ்போர்டைக் கழட்டோணும்கறார். நம்பலாமுங்களா?

பதில்: முதலில் சொன்னதை நம்ப வேண்டாம். இரண்டாவதாகச் சொன்னதைக் காட்டச் சொல்லுங்கள்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் சரக்கு கிடையாது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச்சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் துளித்துளியாகக் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அது குளிர்ச்சியில் தெரியவே பல வருஷம் ஆகும். சின்ன கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம் வரைதான் கேஸ் பிடிக்கும். கேஸ் ரகமும் கிராம் கணக்கும் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். நாலே மாசத்தில் அது காலியாகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் வெளியே போகிறது என்பதுதான் இதில் கவலைப்பட வேண்டிய சங்கதி. ஆயிலைக் கவனிக்காமல் கேஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், ஒரு நாள் கம்ப்ரசர் இறுகி நிற்கும்.

ஓட்டையைத் தேட முதலில் கண்ணே போதும். ஆயில் கசிந்த இடத்தில் தூசி பிசுபிசுவென்று அப்பியிருக்கும். கண்டன்சரின் (கிரில்லுக்குப் பின்னால் கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) கீழ் மூலைகள், ஹோஸில் அலுமினியக் குழாயை நசுக்கிப் பொருத்திய இடம், குழாய்கள் இணையும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஜாயின்ட்கள், கம்ப்ரசரின் புல்லிப் பக்கம், இத்தனையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ் ஏற்றும் வாயில் உள்ள பின் வால்வை யாரும் கண்டுகொள்வதில்லை. டயர் வால்வில் இருப்பது போன்ற சின்னப் பொருள்தான். அதன்மேல் எச்சில் தொட்டு வைத்தாலே குமிழி வருகிறதா என்று தெரியும். அதற்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியும் ஒரு சீல்தான். கேஸ் போட்டவர் மூடியைப் போடாமல் விட்டிருந்தால் அதையும் கேளுங்கள்.

கண்ணுக்குச் சிக்காவிட்டால் நைட்ரஜன் டெஸ்ட். மிச்சமுள்ள கேஸை மெஷினில் எடுத்துவிட்டு, ரெகுலேட்டர் வைத்து 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை உலர் நைட்ரஜன் ஏற்றி, ஜாயின்ட்களில் சோப்பு நுரை தடவ வேண்டும். பஞ்சர் கடைக் காற்றை ஏற்ற விடாதீர்கள். அதிலுள்ள ஈரம் உள்ளே தங்கிவிடும். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால் அங்கே நுரை தடவ முடியாது. அதற்கு வழி இருக்கிறது: கேஸ் இருக்கும்போது ஏசியையும் புளோவரையும் நிறுத்தி, 15-20 நிமிஷம் விட்டு, தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாயின் வாயில் எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரை நீட்ட வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கீழே இறங்கி அங்கேதான் வரும். டிடெக்டர் இல்லாத பட்டறையில் யு.வி. டை என்ற ஒளிரும் சாயத்தைக் கலந்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டு, இருட்டில் யு.வி. லைட் அடித்து அதே குழாயைப் பார்க்கலாம். டிடெக்டர் கத்துவதையோ, பச்சை மஞ்சளாக ஒளிர்வதையோ உங்கள் கண்முன் காட்டிய பிறகு டேஷ்போர்டைக் கழட்டச் சம்மதியுங்கள். காயில் விலையைவிட, கழட்டி மாட்டும் கூலியும், பழையபடி பொருந்தாமல் பிறகு கடகடக்கும் பிளாஸ்டிக்கும்தான் இந்த வேலையில் தலைவலி.

ஓட்டையை அடைத்த பிறகு வேக்யூம், அதாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. அரை மணி நேரமாவது பம்ப் ஓடட்டும். சிஸ்டம் பல நாள் திறந்து கிடந்திருந்தால் ஒரு மணி நேரம், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரும் புதிது. பம்பை நிறுத்தி 15-20 நிமிஷம் கேஜ் முள் அசைகிறதா என்று பாருங்கள். முள் 30 அங்குலத்தை (பாதரச அளவு)த் தொடவில்லை என்று பம்பைக் குறை சொல்ல வேண்டாம். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது, இங்கே முழு வேக்யூம் என்பதே சுமார் 28½ அங்குலம்தான். முள் நின்றுவிட்டதாலேயே லீக் இல்லை என்றும் ஆகிவிடாது. வேக்யூமில் உள்பக்கம் இழுபட்டு மூடிக்கொள்ளும் ஓ-ரிங், 200 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வெளிப்பக்கம் திறக்கும். அதனால்தான் நைட்ரஜன் டெஸ்டை வேக்யூமுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

கடைசியில் கேஸ். தராசில் வைத்து, ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு ஏற்ற வேண்டும். வண்டி நிற்கும்போது கேஜைக் காட்டி "ஃபுல்லா இருக்குதுங்க" என்றால் தலையாட்டாதீர்கள். 30 டிகிரி வெயிலில், நிற்கிற வண்டியில் ஆர்-134ஏ கேஸ் 95-100 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே பாதி இருந்தாலும் அதே அளவுதான் காட்டும். பில்லில் எத்தனை கிராம் கேஸ், எத்தனை மில்லி ஆயில், எந்த ஜாயின்டில் லீக் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் பேசுவதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

கேள்வி (கோயமுத்தூர்): அவினாசி ரோட்டுல ஓட்டும்போது நல்லா சில்லுனு இருக்குதுங்க. காந்திபுரம் சிக்னல்ல நின்னா சூடு. கம்ப்ரசர் மாத்தோணும்னு சொல்லிட்டாங்க.

பதில்: ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சுடுகிற வண்டியில், கண்டன்சருக்குக் காற்று போகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். எஞ்சினை ஓடவிட்டு ஏசியை முழுக் குளிரில் வையுங்கள். முன்னால் இருக்கும் மின்விசிறி கொஞ்ச நேரத்தில் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். சில வண்டிகளில் மெதுவான வேகத்துக்கென்று ஒரு ரெசிஸ்டர் உண்டு. அது மட்டும் எரிந்திருந்தால் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே ஃபேன் சுற்றும். ஃபேன் சுற்றியும் குளிரவில்லையா? கிரில் வழியாகக் கண்டன்சர்மேல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே உள்ளே குளிர்ந்தால் கம்ப்ரசரை யாரும் தொட வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்தில் அடைப்புக்குப் பஞ்சமில்லை. சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் பஞ்சு, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த்தூள். முன்னாலிருந்து பார்த்தால் கண்டன்சர் பளிச்சென்று இருக்கும். அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள ஒரு விரல் சந்தில் மெத்தை மாதிரி படிந்திருக்கும். மேல் கிளாம்ப்களைத் தளர்த்தி, எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, உள்ள காற்றும் போகாது.

கம்ப்ரசர்தான் போயிற்று என்று அவர்கள் அடித்துச் சொன்னால் இரண்டு கேஜையும் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெளியே 35 டிகிரி, எஞ்சின் 1,500 சுற்று, ஏசி முழு வேகம் என்றால் ஆர்-134ஏ வண்டியில் லோ சைடு (கம்ப்ரசருக்குக் கேஸ் வரும் பக்கம்) ஏறக்குறைய 30-45, ஹை சைடு (அழுத்தி அனுப்பும் பக்கம்) 200-250 பி.எஸ்.ஐ. இருக்கும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறி, ஹை சைடு 300-ஐத் தாண்டினால் காற்று போகவில்லை, அல்லது கேஸை அதிகமாகத் திணித்திருக்கிறார்கள். உங்கள் வண்டி இந்த ரகமாகத்தான் இருக்கும். லோ சைடு வேக்யூமுக்கே இறங்கினால் கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. லோ சைடு ஏறி ஹை சைடு இறங்கி, இரண்டும் கிட்டத்தட்ட வந்தால்தான் கம்ப்ரசர்மேல் சந்தேகப்படலாம். கம்ப்ரசரை எஞ்சினோடு சேர்த்துப் பிரிக்கும் கிளட்ச்சின் "டிக்" சத்தம் கேட்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். கிளட்ச்சே இல்லாமல் எந்நேரமும் சுற்றும் கம்ப்ரசர்களும் உண்டு. கிளட்ச் உள்ள வண்டியில்கூட கிளட்ச்சின் மின்காந்தக் காயிலுக்குக் கரண்ட் வருகிறதா, கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி தேய்ந்து அகன்றுவிட்டதா என்று பார்த்த பிறகுதான் முழு கம்ப்ரசரைப் பற்றிப் பேச வேண்டும். அந்த இடைவெளி பொதுவாக அரை மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். அகன்றுவிட்டால், சூடேறியதும் தட்டு ஒட்டாது.

கேள்வி (சங்ககிரி): லாரி கேபின் ஏசி, ஒரு மணி நேரம் ஓடினதும் காத்தே வரமாட்டேங்குது. டீக்கு நிறுத்திட்டு ஏறினா திரும்ப நல்லா வருது.

பதில்: கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காத்து குறையும்போது ஏசி ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு புளோவரை ஓட விடுங்கள். பத்து நிமிஷத்தில் காற்று திரும்பி, கீழே தண்ணீர் கொட்டினால் சந்தேகமே இல்லை. முதலில் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். நாமக்கல் பக்கம் தீவன லோடு ஏற்றும் வண்டி என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். ஃபில்டர் சுத்தமாக இருந்தால், காயிலில் செருகியிருக்கும் தெர்மிஸ்டரை மாற்றுங்கள். காயில் உறையும் அளவுக்குப் போகுமுன் கம்ப்ரசரை நிறுத்துவது அதன் வேலை. லாரி 24 வோல்ட் என்பதை மறந்து 12 வோல்ட் கார் ரிலேயைச் செருகிவிடப் போகிறார்கள், கூட நின்று பாருங்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக, நடுத்தர லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம் ஆகியிருக்கிறது. இனி இந்த வேலை தெரிந்த ஆட்களுக்குச் சங்ககிரியில் நல்ல கிராக்கி.

கேள்வி (கோபி): இடது பக்கம் கால் வைக்கிற இடத்துல தண்ணி தேங்குதுங்க. ஈர நாத்தமும் வருது.

பதில்: டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியிலிருந்து மெல்லிய கம்பியோ, மிதமான காற்றோ விட்டுத் திறக்கலாம். தோட்டத்து வீட்டில் வண்டி நிறுத்துகிறீர்கள் என்றால் எலி கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் வழுவழுப்பாக, நிறத்தோடு, இனிப்பு வாசத்தோடு இருந்தால் அது ஏசித் தண்ணீரே இல்லை. ஹீட்டர் காயிலிலிருந்து கூலண்ட் ஒழுகுகிறது, வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குச் சொல்லுங்கள். நாற்றத்துக்கு, வீடு வந்து சேர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏசியை அணைத்து புளோவரை மட்டும் ஓட்டி காயிலை உலர்த்துங்கள்.

கேள்வி (ஈரோடு): கம்ப்ரசர் ஜாம் ஆகிப் புதுசு போட்டோம். ரெண்டு மாசத்துல அதுவும் ஜாம். "கம்ப்ரசருக்கு வாரண்டி இல்லைங்க"ன்னு கையை விரிக்கறாங்க.

பதில்: புதுக் கம்ப்ரசர் இப்படிச் சாவதற்குப் பெரும்பாலும் பழைய கம்ப்ரசரின் குப்பைதான் காரணம். இறுகி நின்ற கம்ப்ரசர் தன் உலோகத் துகள்களைச் சிஸ்டம் முழுக்கத் துப்பியிருக்கும். குழாய்களை ஃப்ளஷ் செய்து (திரவம் விட்டு அலசி), எக்ஸ்பான்ஷன் வால்வும் ட்ரையரும் மாற்ற வேண்டும். இப்போதைய கண்டன்சர்களில் குழல்கள் மிகவும் நுணுக்கம், ஃப்ளஷ் செய்தாலும் துகள் முழுதாக வராது. எனவே கண்டன்சரும் புதிதுதான். அடுத்த காரணம் ஆயில். பல புதுக் கம்ப்ரசர்கள் ஆயில் நிரப்பியே வரும். அதை வடித்து அளக்காமல் மாட்டினால் கூடும் அல்லது குறையும், ரகம் மாறினாலும் கெடுதல்தான். உங்கள் பில்லில் கம்ப்ரசர், கேஸ், கூலி என்ற மூன்று வரி மட்டும் இருந்தால் வேலை எப்படி நடந்தது என்பதை அந்தப் பில்லே சொல்லும்.

கழட்டும்போது கூட நில்லுங்கள். ஹோஸிலிருந்து வடியும் ஆயிலை வெள்ளைத் துணியில் பிடித்துப் போட்டோ எடுங்கள். வெள்ளித்தூள் கலந்த கறுப்பு ஆயில் வலுவான சாட்சி. கம்ப்ரசரை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள், சீரியல் நம்பர் தெரியப் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ரீகண்டிஷன் சரக்கைப் புதிதென்று விற்றிருந்தாலும் அந்த நம்பரில் தெரியவரும். பிறகு எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபால் போதும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. பாகத்துக்கு வாரண்டி இல்லை என்று அவர்கள் சொன்னாலும், வேலையை ஒழுங்காகச் செய்யாததைச் சேவைக் குறைபாடு என்று தனியாகக் கேட்க முடியும். சமரசத்துக்கு வந்தால் பணத்தை மட்டும் பேசாமல், மேலே சொன்ன பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றித் தருவதாக எழுதி வாங்குங்கள்.

கேள்வி (தாராபுரம்): ஆன்லைன்ல லீக் அடைக்கிற மருந்தோட கேஸ் கேன் வருதே, நாமளே போட்டுக்கலாமுங்களா?

பதில்: வேண்டாம். எத்தனை கிராம் உள்ளே போனது என்று தெரியாது, ஹோஸில் இருக்கும் காற்றும் சேர்ந்தே போகும். அடைக்கும் மருந்து எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து அடைக்கும். அது கலந்த வண்டி என்று தெரிந்தால் தங்கள் மெஷின் கெட்டுவிடும் என்று பல பட்டறைகள் தொடவே மாட்டார்கள். ஆர்-134ஏ-க்கு மாற்று என்று விற்கும் சில கேன்களில் புரொப்பேன், ஐசோபியூட்டேன் இருக்கும். அது சமையல் கேஸின் சொந்தக்கார வகை, கசிந்தால் கேபினுக்குள்தான் சேரும். புது மாடல் வண்டியாக இருந்தால் ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு ரக கேஸின் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதற்கு வாயும் வேறு, ஏற்றும் மெஷினும் வேறு.