வெளிநாட்டுச் சிறையில் கிடக்கும் போதைப்பொருள் கடத்தல்காரருக்காக இரக்கப்படலாமா?

வெளிநாட்டில் போதைப்பொருளுடன் பிடிபட்டு இருபது ஆண்டு, ஆயுள் என்று சிறையில் கிடப்பவர்களுக்காக இரக்கப்படுவது சரியா, அல்லது சட்டம் தெரிந்தே போனவர்கள் அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால், உறவில் யாரோ ஒருவர் இந்தப் பழக்கத்தால் அழிந்ததை நேரில் கண்டவர் நீங்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் உங்கள் கோபத்தைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆயினும் என் பதில், இரக்கப்படலாம் என்பதுதான். குற்றமே செய்யாதவர் சிறையில் இருந்தால் நாம் நியாயம் கேட்போம். இரக்கம் என்ற பேச்சு எழுவதே செய்தவரைப் பற்றித்தான். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சிட்னியில் வாழும் ஈழத்தமிழனாக, இந்த இரக்கம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை அருகிலிருந்து பார்த்ததுதான்.

2004 ஒக்டோபரில் ஷாப்பெல் கோர்பி என்ற குயின்ஸ்லாந்துப் பெண் இந்தோனேசியாவின் பாலித் தீவு விமான நிலையத்தில் இறங்கியபோது, அலைச்சறுக்குப் பலகை வைத்திருந்த அவருடைய பையினுள் 4.2 கிலோ கஞ்சா இருந்தது. தான் வைக்கவில்லை என்றே அவர் எப்போதும் சொல்லி வந்திருக்கிறார். 2005 மே 27 அன்று அவருக்கு இருபது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டதை அவுஸ்திரேலியத் தொலைக்காட்சிகள் நேரடியாகக் காட்டின. நான் அப்போது வேலை செய்த அலுவலகத்தில் எல்லோரும் சாப்பாட்டறையில் கூடி நின்று பார்த்தோம். எப்போதும் சிடுசிடுப்பவரான சம்பளப் பிரிவு அம்மையார், கைதுடைக்கும் காகிதத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தால் அப்படிச் செய்கிறவள் மாதிரியா இருக்கிறாள்?" என்று கேட்டார். அன்று நாடு முழுவதும் ஓடிய வாதமும் ஏறத்தாழ அதுதான். பாலிக்குச் சுற்றுலா போகக்கூடாது என்றார்கள்; சுனாமி நிவாரணமாகக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

அந்தத் தீர்ப்புக்குச் சில வாரங்களுக்கு முன்னர், ஏப்ரல் 17 அன்று, அதே பாலியில் அவுஸ்திரேலிய இளைஞர்கள் ஒன்பது பேர் 8.3 கிலோ ஹெரோயின் வழக்கில் பிடிபட்டிருந்தார்கள். நால்வர் உடம்பில் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு விமானம் ஏற வந்தவர்கள். ஏற்பாடு செய்தவர்கள் என்று நீதிமன்றம் கண்ட இருவரில் ஒருவர், லண்டனில் பிறந்து சிட்னியில் வளர்ந்த, ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகனான மயூரன் சுகுமாரன். பிடிபட்ட அன்று அவருக்கு 24ஆவது பிறந்தநாள். 2006 பெப்ரவரியில் அவருக்கும் அன்ட்ரூ சானுக்கும் மரண தண்டனை, மற்ற ஏழு பேருக்கும் ஆயுள் என்று தீர்ப்பாயிற்று.

கோர்பிக்காக அழுத அதே அம்மையார் இந்த ஒன்பது பேருக்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. மயூரனின் படம் பத்திரிகையில் வந்த நாளில் இன்னொருவர் என் மேசைக்கு வந்து, "இவன் உங்கள் ஆட்களில் ஒருவனா?" என்று கேட்டார். அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது எங்களவர் பேசியதுதான். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து கோயில் கன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றபோது, ஊரில் ஆசிரியராக இருந்த ஒரு பெரியவர், "எங்கட பெயரைக் கெடுத்துப் போட்டான், தம்பி. இனி எங்கட பிள்ளையளுக்கு ஆர் வேலை குடுப்பாங்கள்?" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தப் பெற்றோரை யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்டேன். வரிசை நகர்ந்தது.

இந்த இடத்தில் சிலர், நான் ஹெரோயினுக்கு வக்காலத்து வாங்குவதாக எழுதத் தொடங்கியிருப்பார்கள். அவர்கள் தொண்ணூறுகளின் இறுதியில் சிட்னியின் புறநகரான கப்ரமட்டாவின் ரயில் நிலையத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் தினமும் அந்த வழியாக வேலைக்குப் போனவன். நடைமேடை இருக்கையில் பள்ளிச் சீருடை கலையாத ஒரு பெண்பிள்ளை வாய் பிளந்து சரிந்து கிடக்க, அம்புலன்ஸ்காரர் அவளுடைய முகவாயைத் தூக்கிப் பிடித்து மூச்சுக் கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். 1999இல் மட்டும் இந்த நாட்டில் ஹெரோயின் உள்ளிட்ட அபின் வகைகளால் 1000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே மயூரன் செய்தது சின்னத் தவறு என்றோ, அவர் தண்டிக்கப்பட்டிருக்கக் கூடாது என்றோ நான் சொல்லவில்லை. இங்கே பிடிபட்டிருந்தாலும் அவருக்கு நீண்ட சிறைதான் கிடைத்திருக்கும், கிடைத்திருக்கவும் வேண்டும்.

ஆனால் அவர்கள் இங்கே பிடிபட்டிருக்கலாம் என்பதுதான் என் மனதை இன்றும் அறுக்கிறது. ஒன்பது பேரில் ஒருவருடைய தந்தை, மகன் பாலிக்குப் போகிறான் என்று பயந்து, அவனைத் தடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் வழக்கறிஞரான நண்பர் மூலம் கூட்டாட்சிப் பொலிஸாருக்குச் சொல்லியனுப்பினார். பொலிஸார் இந்தோனேசியப் பொலிஸாருக்குக் கடிதம் எழுதி, பெயர் விவரங்களைக் கொடுத்தார்கள். திரும்பி வரவிட்டுச் சிட்னியில் மறித்திருந்தால், சரக்கை வாங்கக் காத்திருந்தவர்களும் சேர்ந்து அகப்பட்டிருக்கக்கூடும். மரண தண்டனையை ஒழித்துவிட்ட நாடு, தன் பிள்ளைகளைத் துப்பாக்கி முனைக்கு இப்படி அனுப்பிவைத்தது. 2006இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். விமானத்தில் ஏறுவதற்கு முன் பிடித்தால் மரணம், இறங்கிய பின் பிடித்தால் சிறை என்றால், குற்றத்தின் கனம் எங்கே அளக்கப்படுகிறது? சட்டம் தெரிந்தே போனார்கள் என்பவர்கள் இதற்குப் பதில் சொன்னதை நான் கேட்டதில்லை.

பாலியின் கெரோபோகான் சிறையில் மயூரன் மற்றக் கைதிகளுக்குக் கணினி, ஆங்கிலம், ஓவிய வகுப்புகளை ஏற்பாடு செய்தார். ஓவியர் பென் குயில்டி போய் அவருக்குக் கற்பித்தார். கேர்டின் பல்கலைக்கழகத்தில் தொலைவழியாக நுண்கலை படித்துத் தேறினார். சிறையின் முன்னாள் அதிகாரியே அவருக்கும் சானுக்கும் ஆதரவாக நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். எதுவும் பலிக்கவில்லை. புதிதாக வந்த ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ, போதைப்பொருள் குற்றவாளிகளுக்குக் கருணை இல்லை என்று அறிவித்துவிட்டார்.

2015 தொடக்கத்தில் சிட்னி நகர மையத்தில் உள்ள மார்ட்டின் பிளேஸில் அவர்களுக்காக இசைநிகழ்ச்சி நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பத்தாண்டில் அவர்கள் மனம் எவ்வளவோ மாறியிருந்தது. அந்த வாரம் நான் கருணை மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் தாளோடு கோயிலுக்குப் போனேன். நிர்வாகத்தில் இருந்த ஒருவர் அதை வாங்கிப் பார்த்து, நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே செருகி, "கோயிலுக்குள்ள இந்த அலுவல் வேண்டாம் தம்பி, கும்பாபிஷேகம் வருகுது" என்றார். இராஜகோபுரத்துக்கு ஆயிரமாயிரமாய் எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒரு கையெழுத்துப் போடப் பேனா கிடைக்கவில்லை.

மரண தண்டனை நிறைவேற்றக் கொண்டுபோன நூசகம்பாங்கன் தீவில் கடைசி நாட்களிலும் மயூரன் வரைந்துகொண்டே இருந்தார். சிவப்பு நிறம் கீழே வழியும் இந்தோனேசியக் கொடி ஒன்று. அதன் பின்புறத்தில் அவரோடு சாகவிருந்தவர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஏப்ரல் 29 நள்ளிரவு கடந்து எட்டுப் பேரைச் சுட்டார்கள். விடிந்ததும் எங்களவர்களின் பேஸ்புக் பக்கங்களில் "எங்கள் தம்பி மயூரன்" என்று கண்ணீர் அஞ்சலிகள் வரிசைகட்டின. அந்தத் தம்பியின் தாய் பத்தாண்டு காலம் பாலிக்கும் சிட்னிக்கும் அலைந்தபோது இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டு ஒரு பதிவு எழுதினேன். நேரம் பார்த்து எழுதத் தெரியாதவன் என்று பேரெடுத்தேன். சரி, இருக்கட்டும்.

கோர்பியின் தண்டனையை முந்தைய ஜனாதிபதி 2012இல் ஐந்து ஆண்டு குறைத்தார். 2017இல் அவர் வீடு திரும்பினார். பின்னர் தொலைக்காட்சி நடனப் போட்டியிலும் ஆடினார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தண்டனையைக் கழித்தவர் ஆடலாம். ஒன்பது பேரில் சிறையில் எஞ்சியிருந்த ஐவரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்ளே இருந்த பிறகு, 2024 டிசம்பரில் இந்தோனேசியா திருப்பி அனுப்பியது. எங்கள் கோயில் கன்டீனில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த ஐவரில் தமிழர் எவரும் இல்லை.