சமையலில் உப்பைக் குறைத்தும் பிரஷர் இறங்கவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. பிரஷர் 150/94 இருந்தது. மூன்று மாதம் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்து பார்க்கலாம், அப்புறம் மாத்திரை பற்றி யோசிக்கலாம் என்றார் டாக்டர். வீட்டில் நான்கு பேர். சாம்பார், பொரியலில் உப்பைக் குறைத்து, இந்துப்புக்கும் மாறிவிட்டேன். தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். இரண்டு மாதமாகியும் 146/92. எங்கே தவறுகிறது?

பதில்: நடையை விடாதீர்கள், அது சரியாகவே இருக்கிறது. இந்துப்பில்தான் ஏமாந்துவிட்டீர்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, அதனால் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. எந்த உப்பு என்பதை விட எவ்வளவு உப்பு என்பதுதான் முக்கியம்.

ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது சுமார் ஒரு டீஸ்பூனுக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் யாரும் அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால் உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று அதன் மேல் தேதியை எழுதிவையுங்கள். நான்கு பேருக்கு நாளைக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால், குறைத்ததாக நினைத்தது குறையவில்லை.

ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர், கடைச் சால்னா இவற்றின் உப்பு அந்தப் பாக்கெட் கணக்கில் வராது. பொரியலில் மிச்சம் பிடித்த உப்பு, தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயில் திரும்பி வந்துவிடும். ஆகவே பாக்கெட் இரண்டு மாதத்துக்கு மேலேயே வர வேண்டும். சோறு வடிக்கும்போது உப்புப் போடும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். எலுமிச்சை, மிளகு, வறுத்த சீரகம் கூட்டிக்கொள்ளுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மூட்டுவலி, முதுகுவலி என்று அடிக்கடி வலி மாத்திரை போடுகிறீர்களா? அவற்றில் பலவும் பிரஷரை ஏற்றும். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வீட்டிலும் அளந்து பாருங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு வாரம் குறித்துவையுங்கள். சராசரி 135/85-ஐத் தாண்டினால் மூன்று மாதம் முடியும்வரை காத்திருக்காமல் அந்தக் குறிப்போடு டாக்டரைப் பாருங்கள். மாத்திரை எழுதினால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், உப்புக் கட்டுப்பாடு அப்போதும் தொடரட்டும்.